கணக்கு வகுப்பில் நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? 4 முதல் 8-ஆம் வகுப்பு வரை பெற்றோருக்கான வழிகாட்டி

"இவளுக்குக் கணக்கு வராது." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பெரும்பாலும் பிள்ளை 6 அல்லது 7-ஆம் வகுப்பில் இருக்கும்போதுதான் இது முதன்முதலில் சொல்லப்படுகிறது. 3-ஆம் வகுப்பு வரை கூட்டலும் கழித்தலும் பிழையின்றிச் செய்த பிள்ளைதான் அது. இடையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு டியூஷனில் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம்.

10-ஆம் வகுப்பு வரை கணக்குப் பாடம் கட்டாயம். 11-ஆம் வகுப்பில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பதிலும் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பொறியியல், கணக்குத் தணிக்கை, கப்பல் துறை, வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு என எந்தப் பாதையில் போனாலும் அடித்தளமாக இருப்பது 6 முதல் 8 வரை படித்த கணக்குதான். ஆகவே இந்த ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள், வீட்டிலிருந்தே எப்படித் தூக்கிவிடலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எந்த வகுப்பில் என்ன பாடம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் தொடக்கக் கல்வி. அதில் 6 முதல் 8 வரை உயர் தொடக்கநிலை. தமிழக அரசின் இப்போதைய பாடநூல்கள் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் வந்தவை.

4, 5-ஆம் வகுப்புகள்: பெரிய எண்கள், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வடிவங்கள், எண் அமைப்புகள், நீளம், எடை, கொள்ளளவு, நேரம், பின்னத்தின் தொடக்கம், விவரங்களைத் திரட்டிப் படமாகக் காட்டுதல். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் 1 முதல் 3 வரையும், 2023-இல் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கு ஏற்பப் பயிற்சி பெறுகிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்பது உங்கள் உரிமை.

6-ஆம் வகுப்பு: இயற்கணிதம், விகிதம், விகிதசமம், காரணிகள், மீ.பெ.கா., மீ.சி.ம., லாபம் நட்டம், பின்னங்கள், முழுக்கள், சுற்றளவு, பரப்பளவு, சமச்சீர்.

7-ஆம் வகுப்பு: முழுக்களில் நான்கு செயல்கள், தசம எண்கள், நேர் விகிதம், எதிர் விகிதம், வட்டம், அடுக்குகள், சதவீதம், தனிவட்டி, சராசரி.

8-ஆம் வகுப்பு: விகிதமுறு எண்கள், வர்க்கம், வர்க்கமூலம், காரணிப்படுத்தல், சமன்பாடுகள், வரைபடம், கூட்டுவட்டி, நேரமும் வேலையும், பிதாகரஸ் தேற்றம்.

மத்திய பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 2024 முதல் புதிய நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. 6-ஆம் வகுப்புக்கு 'கணித பிரகாஷ்' என்ற நூல். அதிலும் பின்னம், சுற்றளவு, பரப்பளவு, சமச்சீர், பூஜ்ஜியத்துக்குக் கீழே உள்ள எண்கள் என்று பாடங்கள் ஏறத்தாழ இவையேதான். தமிழ்வழிப் பிள்ளை 'பின்னம்' என்பதை ஆங்கிலவழிப் பிள்ளை 'ஃப்ராக்‌ஷன்' என்கிறது. இரண்டும் தடுக்கி விழும் இடம் ஒன்றே.

சறுக்கும் இடம்: பின்னம்

2024 டிசம்பரில் மத்திய அரசு 'பரக்' என்ற தேசிய அளவிலான ஆய்வை 3, 6, 9-ஆம் வகுப்புகளில் நடத்தியது. 6-ஆம் வகுப்புக் கணக்கில் நாட்டின் சராசரி 46 சதவீதம்தான். மொழிப்பாடத்தில் அது 57. ஆகவே உங்கள் பிள்ளை தடுமாறினால் அது அந்தப் பிள்ளையின் தனிக் குறை அல்ல. நாடெங்கும் இந்த வயதில் பாதிக்கும் மேற்பட்ட கணக்குகள் கைநழுவிப் போகின்றன.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். 5-ஆம் வகுப்பு வரை எண் என்றால் விரல்விட்டு எண்ணக்கூடியது. எட்டு என்பது நான்கைவிடப் பெரியது. பெருக்கினால் எண் பெரிதாகும், வகுத்தால் சிறிதாகும். பிள்ளை இந்த விதிகளைத் தானாகவே மனதில் வைத்துக்கொள்கிறது. பின்னம் வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடச் சிறியது. பன்னிரண்டை அரையால் பெருக்கினால் ஆறாகக் குறைகிறது. அரையால் வகுத்தால் இருபத்து நான்காகக் கூடுகிறது. 25 ஐந்தைவிடப் பெரியது, ஆனால் 0.25 என்பது 0.5-ஐவிடச் சிறியது.

இதை யாரும் பொறுமையாக விளக்காவிட்டால் பிள்ளை புரியாமலேயே விதிகளை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி "ஐந்தில் இரண்டு" என்கிறது. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறையுமா என்று அது யோசிப்பதில்லை. விகிதம், சதவீதம், தசமம், வட்டி, சமன்பாடு எல்லாமே பின்னத்தின் மேல் கட்டப்பட்டவை. அஸ்திவாரம் அசைந்தால் 8-ஆம் வகுப்புக் கணக்கு நிற்காது. "கணக்கு வராது" என்று நாம் சொல்வது, பெரும்பாலும் "பின்னம் புரியவில்லை" என்பதுதான்.

நம் பேச்சிலேயே இருக்கும் பின்னங்கள்

தமிழ்ப் பிள்ளைக்குப் பின்னம் அந்நியமானதே அல்ல. "கால் கிலோ", "அரை லிட்டர்", "முக்கால் மணி நேரம்", "ஒன்றரை" என்றெல்லாம் மூன்று வயதிலிருந்தே கேட்டு வளர்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இன்னும் நுண்ணிய பின்னங்களுக்கும் பெயர் தெரிந்து வைத்திருந்தார்கள். அரைக்கால் என்றால் 1/8. மாகாணி என்றால் 1/16. மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. முந்திரி என்றால் 1/320.

இதில் 'அரைமா' என்று ஒன்று உண்டு. மா என்பதில் பாதி, அதாவது 1/40. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு அதுதான். ஜகாத்தின் அளவு நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம். ஒரே அளவைப் பின்னமாக 1/40 என்றும், தசமமாக 0.025 என்றும், சதவீதமாக 2.5 என்றும், பழந்தமிழில் அரைமா என்றும் சொல்லலாம். ரமளானில் வீட்டில் கணக்குப் பார்க்கும்போது 7-ஆம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 80,000 ரூபாய்க்கு எவ்வளவு என்று மூன்று வழிகளிலும் செய்யச் சொல்லுங்கள். 40-ஆல் வகுத்தாலும், 0.025-ஆல் பெருக்கினாலும், 100-க்கு 2.5 என்று பார்த்தாலும் 2,000 வரும். மூன்றும் ஒன்றே என்று பிள்ளை தன் கையால் கண்டுகொள்ளும் அந்த நிமிடம் ஒரு மாத டியூஷனுக்குச் சமம்.

மீ.சி.ம. எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு வாரிசுரிமைக் கணக்கைக் காட்டலாம். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை மட்டும் விட்டுச் செல்கிறார். கடனும் வஸிய்யத்தும் போக மீதியில் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழு பங்கு மகனுக்கும் மகளுக்கும் 2 : 1 என்ற விகிதத்தில். மூன்றால் பிரிக்க வேண்டும், எட்டாலும் பிரிக்க வேண்டும். எட்டுக்கும் மூன்றுக்கும் மீ.சி.ம. 24. சொத்தை 24 பங்காக வைத்தால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. கூட்டிப் பார்த்தால் சரியாக 24. பின்னம், விகிதம், மீ.சி.ம. மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிட்டன.

அல்ஜிப்ரா என்ற சொல்லின் பிறப்பும் இதோடு தொடர்புடையது. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள 'அல் ஜப்ர்' என்பதிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. அந்த நூலில் ஒரு பெரிய பகுதி வாரிசுப் பங்கு, மரண சாசனம் பற்றிய கணக்குகள். தெரியாத பங்கை ஓர் எழுத்தால் குறித்து, அதைக் கண்டுபிடிப்பதுதான் 6-ஆம் வகுப்பில் பிள்ளை தொடங்கும் இயற்கணிதம்.

தூத்துக்குடியில் கணக்குக்குப் பஞ்சமில்லை

பாடநூலில் உள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் நம் கரையில் ஓர் உதாரணம் உண்டு.

முழுக்கள்: கடல் மட்டத்தைப் பூஜ்ஜியம் என்று வையுங்கள். மேலே போனால் கூட்டல் குறி, கீழே போனால் கழித்தல் குறி. 15 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒருவர் 6 மீட்டர் மேலே வந்தால் எங்கே இருப்பார்? கழித்தல் 15-உடன் 6-ஐக் கூட்டினால் கழித்தல் 9. ஆழத்தை மனதில் கண்ட பிள்ளைக்கு விதி தேவையில்லை.

சதவீதம்: கடல் நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்பு. அப்படியானால் 1,000 கிலோ கடல் நீரில் 35 கிலோ. உப்பளத்தைக் கடந்து போகும்போதெல்லாம் கேட்கலாம்.

பரப்பளவு: 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள உப்புப் பாத்தியின் சுற்றளவு 70 மீட்டர், பரப்பளவு 300 சதுர மீட்டர். நீளத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கினால் சுற்றளவு இரண்டு மடங்கு ஆகிறது, பரப்பளவோ நான்கு மடங்கு. இதைப் படம் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

விகிதம்: பிரிட்டிஷ் காலத்து முத்துச் சலாபங்களில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு, மீதி அரசுக்கு. அதாவது 1 : 2. ஒரு படகு 9,000 சிப்பி கொண்டுவந்தால் யாருக்கு எவ்வளவு?

முத்தைப் பற்றிப் பேசும்போது 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்ற ஓர் அருமையான கணக்கைச் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி கரையோரச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். அந்தத் தொழிலில் முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் போட்டு அளவு பிரிப்பார்கள். சல்லடைகளின் துளை எண்ணிக்கை 20-இல் தொடங்கி 1,000 வரை போகும். துளை கூடக் கூட ஒவ்வொரு துளையும் சிறிதாகும். எதிர் விகிதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பிறகு மஞ்சாடி என்ற நிறையில் எடை போடுவார்கள். விலை எடையைப் போலவே ஏறுவதில்லை. எடையின் வர்க்கத்தைக் கண்டு, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அந்த விடையைப் பழைய ஆவணங்கள் 'செவ்வு' என்று குறிக்கின்றன. 2 மஞ்சாடி எடையுள்ள ஒரு முத்துக்கு: 2-இன் வர்க்கம் 4, அதில் முக்கால் 3, ஒன்றால் வகுத்தால் 3 செவ்வு. அதே 2 மஞ்சாடி எடையில் இரண்டு சிறு முத்துகள் இருந்தால்: 3-ஐ இரண்டால் வகுக்க ஒன்றரை செவ்வுதான். எடை ஒன்றே, மதிப்பு பாதி. பெரிய முத்து அரிது என்பதை ஒரு சூத்திரத்துக்குள் வைத்திருக்கிறார்கள். 4 மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்துக்கு எத்தனை செவ்வு என்று பிள்ளையைக் கேளுங்கள். விடை 12. எடை இரட்டிப்பானால் மதிப்பு நான்கு மடங்காகிறது. உப்புப் பாத்தியின் பரப்பளவில் பார்த்த அதே நான்கு மடங்குதான்.

நகைக்கடையும் வட்டியும்

பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று நினைப்பவர்கள் நகைக்கடையை நினைத்துப் பார்க்கட்டும். 22 காரட் என்றால் 24-இல் 22 பங்கு. வகுத்துப் பார்த்தால் 0.9166. நகையில் பொறித்திருக்கும் 916 என்ற முத்திரை அங்கிருந்துதான் வருகிறது. தங்கத்தின் விலை 50,000 ரூபாய், சேதாரம் 8 சதவீதம், பிறகு ஜி.எஸ்.டி. 3 சதவீதம் என்றால் மொத்தம் எவ்வளவு? எட்டையும் மூன்றையும் கூட்டி 11 சதவீதம் என்று போட்டால் 55,500. ஆனால் பில்லில் வருவது 55,620. ஏனென்றால் வரி, சேதாரம் சேர்ந்த 54,000 ரூபாய்க்குப் போடப்படுகிறது. எதற்கு எத்தனை சதவீதம் என்று கேட்கத் தெரிந்த பெண்ணை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

வட்டிப் பாடத்தைப் பற்றிச் சில பெற்றோர்கள் தயங்குவது உண்டு. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் வேறு, அது எப்படி வளர்கிறது என்று அறிந்திருப்பது வேறு. "மூணு வட்டிதான்" என்று கடன் கொடுப்பவர் சொல்லும்போது அது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். "பத்து வட்டி" என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம், வாங்கிய பணத்தைவிட வட்டி அதிகம். தமிழகத்தில் 2003-இலேயே கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்தும் இதில் சிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 7-ஆம் வகுப்பில் தனிவட்டியும் 8-ஆம் வகுப்பில் கூட்டுவட்டியும் நன்றாகப் படித்த பிள்ளைக்கு வட்டியிலிருந்து ஏன் விலகி நிற்க வேண்டும் என்பது எண்களாலும் புரியும்.

வீட்டில் ஐந்து நிமிடச் சோதனை

பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய மதிப்பெண் பட்டியல் போதாது. கீழே உள்ள கேள்விகளைத் தாளில் அல்ல, பேச்சுவாக்கில் கேளுங்கள்.

1. கால் பெரியதா, அரைக்கால் பெரியதா? ஏன்?
2. 0.5, 0.25, இரண்டில் எது பெரியது?
3. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஒன்றுக்கு மேலா, கீழா?
4. மீன் கிலோ 400 ரூபாய். 750 கிராம் எவ்வளவு?
5. 800 ரூபாய்க்கு 15 சதவீதத் தள்ளுபடி எவ்வளவு?

விடைகள்: கால், 0.5, கீழே (ஆறில் ஐந்து), 300 ரூபாய், 120 ரூபாய். 7-ஆம் வகுப்பை முடித்த பிள்ளைக்கு ஐந்தும் தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்றில் தவறினால் வகுப்பு எதுவானாலும் 5, 6-ஆம் வகுப்புப் பின்னப் பாடத்துக்குத் திரும்பிப் போவதுதான் சரியான வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தோசையையோ காகிதத்தையோ பாதியாகவும், பாதியில் பாதியாகவும் வெட்டிக் காட்டினால் போதும்.

விடை சரியா தவறா என்பதைவிட "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்ற கேள்வி முக்கியம். வாப்பாவும் உம்மாவும் எட்டாவது கூடத் தாண்டாதவர்களாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். வாய்ப்பாடு 12 வரை மனப்பாடமாக இருக்கட்டும், அது வேகத்துக்கு உதவும். ஆனால் வாய்ப்பாடு மட்டுமே கணக்கு ஆகிவிடாது. இன்னொன்று: "எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது" என்று பிள்ளையின் முன் சொல்லாதீர்கள். பிள்ளை அதைப் பரம்பரைச் சொத்தாக எடுத்துக்கொள்ளும்.

கிடைக்கும் உதவிகள்

தமிழகக் கல்வித்துறையின் 'மணற்கேணி' செயலியில் பாடங்கள் காணொளிகளாக இலவசமாகக் கிடைக்கின்றன; இது 2023-இல் வந்தது. பாடநூலில் அச்சிட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தாலும் அந்தந்தப் பாடத்துக்கான விளக்கம் வரும். 2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை அடிப்படையில் பின்தங்கிய மாணவர்களுக்கு 'திறன்' என்ற பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டுள்ளது. உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருந்தால் வருத்தப்படாதீர்கள். விட்டதைப் பிடிக்கக் கிடைத்த வாய்ப்பு அது.

8-ஆம் வகுப்பில் மறக்கக் கூடாத ஒன்று தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 8-ஆம் வகுப்புப் படிப்பவர்கள் எழுதலாம். 7-ஆம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இதில் 5 சதவீதச் சலுகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்ச ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். எண் தொடர், விகிதம், சதவீதம் போன்ற கணக்குகளும் இதில் கேட்கப்படும். சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் ப்ரீ மெட்ரிக் உதவித்தொகை 2022-இல் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நிறுத்தப்பட்ட பிறகு, நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வு இன்னும் முக்கியமாகிவிட்டது. விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவே போகும். பருவத் தொடக்கத்திலேயே அவரிடம் பேசி வையுங்கள்.

மஹல்லா அளவிலும் செய்ய வேண்டிய வேலை உண்டு. 10, 12-ஆம் வகுப்பில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களுக்குப் பரிசளிப்பு விழா நடத்துகிறோம், நல்லது. அதே அக்கறையில் ஒரு பகுதியை 5, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்பலாம். கல்லூரியில் படிக்கும் நான்கு பேர், ஒரு கரும்பலகை, வாரத்தில் இரண்டு மாலை, பின்னம் ஒன்றே பாடம் என்று மூன்று மாதம் நடத்தினால் போதும். 10-ஆம் வகுப்பில் தவறிய பிள்ளையைத் தூக்கிவிட ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.